காடு திருத்திய நிலத்தில் நீரும் மண்ணும் கெட்டால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழிமுறை

நெல்லை மாவட்டத்தில் பாபநாசம், மணிமுத்தாறு தொடங்கிக் களக்காடு, திருக்குறுங்குடி, பணகுடி வரை மலையடிவாரத்தில் நடந்தால், ஒரு காலத்தில் மரக்காடாகவும் உடங்காடாகவும் (உடைமர முள்காடு) கிடந்து இன்று வாழையும் தென்னையும் நிற்கும் பட்டா நிலங்களைப் பார்க்கலாம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பொத்தைகளின் (சிறு பாறைக் குன்றுகளின்) அடியிலும் இதே கதைதான். திருத்திய புதிதில் இந்த நிலங்கள் அள்ளிக் கொடுத்தன. இப்போது கிணறு வற்றுகிறது, உரம் கேட்கவில்லை, மழை பெய்தால் வரப்பு போகிறது, மழை நின்றால் மண் கல்லாகிறது. நிலத்துக்காரர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: போர் போடுவார். அது கை கொடுக்காவிட்டால் இன்னும் ஆழமாகப் போடுவார்.

அந்தச் செலவுக்கு முன்பு செய்ய வேண்டிய சோதனைகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: மழை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்குவது நின்றுபோனது. ஆகவே எந்த அறிகுறியோடு வந்தாலும் முதல் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

புதிதாகக் காடு வெட்ட நினைப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. காப்புக்காட்டில் கை வைப்பது குற்றம். பட்டாவே இருந்தாலும், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமோ 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமோ பொருந்தும் இடங்களில் அனுமதியின்றி மரத்தைத் தொட முடியாது.

முதல் சோதனை: இரண்டு இடம், ஒரு குழாய்த் துண்டு

உங்கள் நிலத்துக்கு அருகில், அதே மண்ணில், உழாத ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சாஸ்தா கோயிலைச் சுற்றியுள்ள மரக்கூட்டம், பொத்தையின் சரிவு, கிளுவை வேலியின் அடி, எதுவானாலும் சரி. ஐம்பது ஆண்டுக்கு முன்பு உங்கள் நிலம் எப்படி இருந்தது என்பதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி அதுதான். இனி சொல்லும் ஒவ்வொரு சோதனையையும் இரண்டு இடத்திலும் செய்து ஒப்பிட வேண்டும். தனி எண்ணுக்குப் பொருள் குறைவு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் பேசும்.

போர் போட்ட வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆறு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை எடுங்கள். ஒரு சாண் நீளம் போதும். மேல் சருகை விலக்கிவிட்டு, பலகை வைத்துத் தட்டி நாலு விரற்கடை ஆழத்துக்கு இறக்குங்கள். உள்ளே 2.5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மண் கலையாமல் இருக்க ஒரு வாழையிலைத் துண்டை விரித்து அதன்மேல் ஊற்றுவது நல்லது. முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டுமே. அது இறங்கியதும் மீண்டும் அதே அளவு ஊற்றி, எத்தனை நிமிடத்தில் மறைகிறது என்று பாருங்கள்.

உழாத இடத்தில் அந்த நீர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காணாமல் போய், உங்கள் வயலில் இரண்டு மணி நேரம் நின்றால், நோய் கண்டுபிடித்தாகிவிட்டது. கணக்கு இப்படி: இரண்டு மணி நேரத்தில் 25 மி.மீ. என்றால் மணிக்கு 12 மி.மீ. சொச்சம். ஐப்பசி மழை அரை மணி நேரத்தில் 30 மி.மீ. கொட்டும் நாள் இங்கே அரிதல்ல. அதில் 6 மி.மீ. மண்ணுக்குள் போகும், மீதி 24 மி.மீ. ஓடும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது நாலாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். ஆக, அந்த அரை மணி நேரத்தில் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லிட்டர் உங்கள் வரப்பைத் தாண்டிப் போயிருக்கிறது. பங்குனியில் அதையே டேங்கர் லாரியில் விலைக்கு வாங்குகிறோம்.

களிமண்ணில் இயல்பாகவே நீர் மெதுவாகத்தான் இறங்கும். மணிக்கு 5 மி.மீ. கூட இராது. மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலுக்கு இந்த அளவுகோலை அப்படியே வைக்காதீர்கள். இங்கே பேசுவது அடிவாரத்துச் செம்மண், சரள் கலந்த மண்.

அறிகுறி: திருத்திய புதிதில் கிணறு நிறைந்தது, இப்போது மாசியிலேயே தரை தெரிகிறது

"காட்டை வெட்டினால் தண்ணீர் போய்விடும் என்கிறீர்களே அண்ணாச்சி, எங்கள் அப்பா வெட்டியபோது கிணற்றில் இரண்டு முழம் ஏறியதே" என்று அடிவாரத்துக்காரர்கள் கேட்பதுண்டு. அவர் சொல்வது உண்மை. மரம் நீரைக் குடிக்கும். இலையில் விழுந்த மழையில் ஒரு பங்கு தரையைத் தொடாமலே ஆவியாகும். அந்தச் செலவு நின்றுபோனால் முதலில் நீர் கூடத்தான் செய்யும். உலகின் பல இடங்களில் நடந்த 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்து 1982-இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: காட்டுப் பரப்பைக் குறைத்தால் ஆண்டு முழுவதும் ஓடிவரும் மொத்த நீர் கூடுகிறது.

சிக்கல் "மொத்த" என்ற சொல்லில் இருக்கிறது. அந்த நீர் எப்போது வருகிறது என்பது வேறு கணக்கு. காட்டில் பழைய வேர் மக்கிய துளைகள், கறையான் வழிகள், மண்புழுத் துளைகள் எல்லாம் மேலிருந்து கீழே திறந்து கிடக்கும். மரத்தை வெட்டிய மறுநாளே அவை மூடிவிடுவதில்லை. சில ஆண்டுகள் வரை குடிக்க மரமும் இல்லை, இறங்க வழியும் இருக்கிறது, கிணறு ஏறுகிறது. பிறகு ஒவ்வோர் உழவிலும் துளைகள் அறுபடுகின்றன, வெறும் மண்ணில் அறையும் மழைத்துளி மீதியை அடைக்கிறது. அப்பா பார்த்த கிணறும் மகன் பார்க்கும் கிணறும் ஒரே மாற்றத்தின் இரண்டு பாதிகள்.

ஆனால் கிணறு வற்றினால் உடனே பழியைக் காட்டழிப்பின்மேல் போட்டுவிடவும் கூடாது. நம் பகுதியின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே உளுத்த பாறையும் வெடிப்புகளும் இருக்கும் கொஞ்ச ஆழத்தில்தான் நீர் தேங்கும். அதைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் உறிஞ்சினால் எந்த மண்ணும் ஈடுகொடுக்காது. எது காரணம் என்று பிரிக்க, கயிற்றில் கல் கட்டி வாரம் ஒருமுறை நீர்மட்டம் அளந்து எழுதி வையுங்கள். புரட்டாசி முதல் தை வரை அளந்தால் போதும், விஷயம் தெளியும்.

நல்ல மழை இரண்டு மூன்று பெய்தும் ஒரு வாரத்தில் மட்டம் அசையவில்லை என்றால், நீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. முதல் சோதனையின் விடையும் அதையே சொல்லும். அடுத்த பகுதியில் உள்ள மண் வேலையை முதலில் செய்யுங்கள். போர் போட்டாலும் அது பக்கத்துக்காரர் நீரைத்தான் இழுக்கும்.

மழைக்குப் பின் மட்டம் நன்றாக ஏறுகிறது, ஆனால் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மளமளவென்று இறங்கி, மின்சாரம் இல்லாத இரவில் மீண்டும் கொஞ்சம் ஏறுகிறது என்றால், மண்ணில் குறையில்லை. ஊரே சேர்ந்து அதிகமாக எடுக்கிறது. இதற்கு வரப்பு வேலை மட்டும் மருந்தாகாது. ஏத்தன் வாழைப் பரப்பையும் பாசன முறையையும் பற்றிப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சு யாருக்கும் பிடிக்காது.

மழை பெய்த சில மணி நேரத்திலேயே கிணற்று நீர் கலங்கி ஏறினால் மகிழ வேண்டாம். ஓடும் நீர் கரைக்கட்டின் இடுக்கு வழியாக நேரே உள்ளே விழுகிறது. கிணறும் தூரும், நீரும் கெடும். சுற்றிலும் மேடு கட்டித் திருப்பிவிடுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பின் மேல்மண் ஓடு கட்டுகிறது, முளை வெளியே வரவில்லை

இரண்டு இடத்திலிருந்தும் கோலிக்குண்டு அளவுக் காய்ந்த மண்கட்டி நாலைந்து எடுத்துத் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் நீரில் போடுங்கள். உழாத இடத்துக் கட்டி குமிழி விட்டாலும் உருக்குலையாமல் நிற்கும். வயல் கட்டி சில நிமிடங்களில் பொடிந்து சேறாகப் பரவினால், துகள்களைப் பிடித்து வைத்திருந்த மக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். மழைத்துளி விழும்போதும் நிலத்தில் இதுதான் நடக்கிறது: உதிர்ந்த நுண்துகள் துளைகளில் போய் உட்கார்ந்து, வெயில் பட்டதும் ஓடாக இறுகுகிறது.

இதன் அளவைப் பற்றி ஓர் எண் உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வந்த கட்டுரை, இயற்கைக் காடு பயிர்நிலமாக மாறும்போது மண்ணில் இருக்கும் கரிமச் சேமிப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டது. நம் வெயிலில், சருகைக் கூட்டி எரிக்கும் பழக்கமும் சேர்ந்தால், உங்கள் நிலம் அந்தச் சராசரியைவிட மேலான நிலையில் இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அடுத்து, மண் ஈரமாக இருக்கும் நாளில் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் டக்கென்று நின்று, அதைத் தாண்டினால் மீண்டும் எளிதாக இறங்கினால், அங்கே உழவால் உண்டான இறுகிய அடுக்கு இருக்கிறது. ஆண்டாண்டாக ஒரே ஆழத்தில், அதுவும் ஈரம் காயுமுன், டிராக்டர் ஓட்டியதன் விளைவு. இதற்கு உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை குறுக்காகவும் ஓட்டச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கூடவே ஏக்கருக்கு 5 டன் தொழுஉரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ இட வேண்டும். கோடையில், மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் அடுக்கு உடையும். ஈரத்தில் ஓட்டினால் டீசல் செலவுதான் மிச்சம். எருவிடாமல் உளிக்கலப்பை மட்டும் ஓட்டினாலும் இரண்டொரு மழையில் பழையபடி இறுகிவிடும்.

கம்பி தடையில்லாமல் இறங்குகிறது, மேல் ஓடு மட்டும்தான் தொந்தரவு என்றால் கலப்பை வேண்டாம். மண்ணை மூடுங்கள். வாழை மட்டை, கரும்புச் சோகை, தென்னை ஓலை, களையெடுத்த புல் என்று கைக்குக் கிடைப்பதைப் பரப்பி வையுங்கள். ஆட்டுக்கிடை அமர்த்துவது இந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். கூலி கொடுத்துக் கிடை போட்ட பெரியவர்கள் ஏமாளிகள் இல்லை. கொழிஞ்சி, சணப்பை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். கொழிஞ்சிக்கு இன்னொரு நல்ல குணம், ஆடு மாடு அதை எளிதில் தொடாது. வேலியில்லாத மானாவாரி நிலத்தில் தங்கும்.

எருவைவிட முக்கியமானது தீக்குச்சியைத் தள்ளி வைப்பது. ஓலையையும் தாளையும் எரித்துவிட்டு எரு வாங்குகிறவரிடம் சொல்ல என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

அறிகுறி: வேர் வெளியே தெரிகிறது, நிலத்தில் வாய்க்கால் விழுகிறது

எவ்வளவு மண் போயிற்று என்று அறிய ஆய்வகம் வேண்டாம். வரப்போரத்து வேம்பின் அடியைப் பாருங்கள். முன்பு மண்ணோடு மண்ணாக இருந்த வேர் இப்போது எத்தனை விரற்கடை மேலே நிற்கிறதோ, அத்தனை மண் போயிருக்கிறது. மரம் இல்லாவிட்டால் சிறு கற்களைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு சிறு மண்தூணின் உச்சியில் உட்கார்ந்திருந்தால் சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துப் போயிற்று. ஒரு மில்லிமீட்டர் கனம் மண் என்றால் ஏக்கருக்கு நாலு கன மீட்டர், எடையில் ஐந்து ஆறு டன். போவது அடிமண் அல்ல, ஆண்டு முழுவதும் எருவிட்டு வளர்த்த மேல்மண்.

வெட்டு எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கி நடந்து பாருங்கள். பெரும்பாலும் சரிவில் நேராக ஏறும் டிராக்டர் தடத்திலோ மேலிருந்து கீழாக ஓட்டிய உழவுச்சாலிலோ போய் முடியும். ஓட்டுநருக்கு நீளவாக்கில் ஓட்டுவது வசதி, திருப்ப வேண்டிய தடவை குறையும். ஆனால் ஒவ்வொரு சாலும் நீருக்கு வெட்டிக் கொடுத்த கால்வாய். சரிவுக்குக் குறுக்காக உழுவது காசு செலவில்லாத மருந்து. வாடகை நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அடுத்தது சமமட்ட வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் வரப்பு. செம்மண்ணில், நூறடிக்கு ஆறடிக்குள் இறங்கும் சரிவில் இது நன்றாக நிற்கும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கல் அடுக்கிப் படிக்கட்டு நிலமாக்க வேண்டும், அல்லது அங்கே உழவையே விட்டுவிட்டு மரமும் புல்லும் வைக்க வேண்டும். சரிவு நிலத்தில் உளுந்து விதைத்தே தீருவேன் என்பவரின் மண் அடுத்த குளத்துக்குச் சொந்தம். மட்டம் பார்க்க மூன்று கழியை ஆங்கில A எழுத்துப் போலக் கட்டி, உச்சியிலிருந்து நடுவில் தூக்குக்குண்டு தொங்கவிட்டால் போதும். கொத்தனாரிடம் இருக்கும் நீர்மட்டக் குழாயும் ஆகும். வரப்பின்மேல் வெட்டிவேர் வைத்து, ஓரத்தில் பனங்கொட்டை ஊன்றிவிடுங்கள். கூடுதல் நீர் வெளியேறக் கல் பாவிய கழுங்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாத வரப்பு, உடையும்போது மொத்தமாக உடைந்து பழைய வெட்டைவிடப் பெரிய வெட்டை உண்டாக்கும்.

ஏற்கெனவே விழுந்த வாய்க்காலை மண் போட்டு நிரப்பாதீர்கள். அடுத்த மழை அந்த மண்ணை முதலில் எடுக்கும். தலைப்பகுதியில் நீர் வருவதைத் திருப்பிவிட்டு, உள்ளே முழங்கால் உயரத்துக்குள் கல் தடுப்புகளை அடுக்குங்கள். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்கட்டும். வண்டல் தானே வந்து நிரப்பும்.

போன மண்ணில் ஒரு பங்கைத் திரும்பவும் பெறலாம். அது கீழே குளத்தில் கரம்பையாக உட்கார்ந்திருக்கிறது. கோடையில் வட்டாட்சியர் அனுமதி பெற்று அடித்து வந்து, மணற்பாங்கான செம்மண்ணில் பரப்பினால் ஈரம் தாங்கும் தன்மை கூடும். குளத்துக்கும் கொள்ளளவு மீளும். களிமண் நிலத்துக்குக் கரம்பை வேண்டாம், இறுக்கம்தான் கூடும்.

அறிகுறி: ஓடை ஒரே நாள் கரை புரள்கிறது, மூன்றாம் நாள் கூழாங்கல் தெரிகிறது

இது தனி ஒரு நிலத்தின் கோளாறு அல்ல, ஓடைக்கு மேலே உள்ள எல்லா நிலத்தின் கூட்டுத்தொகை. அடையாளம்: மழை நின்ற ஒரு மணி நேரத்துக்குள் உச்சம், நிறம் செங்காவி, பிறகு விரைவாக வடிதல். மேலே காடு இருக்கும் ஓடை மெதுவாக ஏறும், நாள்கணக்கில் தெளிவாகக் கசியும்.

தாமிரபரணி ஆண்டு முழுவதும் ஓடுவதற்கு இரண்டு பருவமழையும் அதன் தலைமாட்டில் விழுவது ஒரு காரணம். பொதிகையின் பசுமைமாறாக் காடு நிற்பது இன்னொரு காரணம். களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது புலிக்கு மட்டும் நல்லதாக முடியவில்லை. பாபநாசத்தில் நீர் திறந்து கார் சாகுபடி நடக்கும் வயலுக்கும் அந்தக் காட்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு.

ஓடையின் இரு கரையிலும் பத்துப் பதினைந்தடி அகலத்துக்கு உழாமல் விட்டு நீர்மருது, நாவல், புங்கம் நட்டால் கரை நிற்கும், சேறு வடிகட்டப்படும். வெள்ளத்தின் உச்சம் குறைய வேண்டுமானால் வேலை மேட்டு நிலங்களில்தான். ஓடையில் மட்டும் தடுப்பணை கட்டினால் அது வண்டலால் நிரம்பும்.

எல்லா வெள்ளத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. பெய்தது. அத்தனையையும் குடிக்கும் மண் எந்தக் காட்டிலும் இல்லை. அந்த வெள்ளத்தைக் காட்டி "காடு இருந்தும் வந்ததே" என்பதும் தவறு, "காடு இருந்திருந்தால் வந்திராது" என்பதும் தவறு. நிலத்தின் உடல்நிலையைச் சொல்வது ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைதான்.

அறிகுறி: முன்பு உரமில்லாமல் விளைந்தது, இப்போது மூட்டை கூட்டினாலும் பயிர் கேட்கவில்லை

முதல் சில ஆண்டுகளின் விளைச்சல் மண்ணின் வருமானம் அல்ல, அதன் கைமுதல். எரித்த மரத்தின் சாம்பல் சாம்பல்சத்தையும் சுண்ணாம்பையும் ஒரே தடவையில் கொடுத்தது. கிளறிய மக்கு வேகமாகச் சிதைந்து தழைச்சத்தை வெளியே தள்ளியது. பயிர் எடுத்துக்கொண்டது ஒரு பங்கு, மீதி நீரோடு இறங்கிப் போனது. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் 1965-66-இல் ஒரு சிறு நீர்ப்பிடிப்பை முழுவதும் வெட்டி, மீண்டும் முளைக்க விடாமல் வைத்துப் பார்த்தபோது, ஓடை நீரில் நைட்ரேட் பல மடங்கு ஏறியது. கிணற்று நீரைக் குடிப்பவர்கள் நைட்ரேட்டைச் சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் குடிநீர் தரத்தின் எல்லை.

மண் பரிசோதனை அட்டையில் விவசாயிகள் தழை, மணி, சாம்பல் மூன்றையும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கரிமச்சத்து. 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்லது. உழாத இடத்து மண்ணையும் தனிப் பையில் கொடுத்து வாங்குங்கள். கரிமச்சத்து குறைவாக உள்ள மணற்பாங்கு மண்ணில் யூரியாவை மொத்தமாகக் கொட்டுவது நிலத்தடி நீருக்கு உரமிடுவது. பிரித்துப் பிரித்து இடுங்கள். எருவோடு சேர்த்து இடுங்கள். கரிமச்சத்து மீள ஆண்டுகள் ஆகும், அதுவும் பழைய காட்டு அளவுக்கு மீளும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

அறிகுறி: நிலத்தில் வெள்ளை பூக்கிறது

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் ஆழவேர் மரங்களை அழித்துக் கோதுமை விதைத்தார்கள். நீரைக் குடிக்க ஆளில்லாமல் நிலத்தடி மட்டம் உயர்ந்து, அடியில் கிடந்த உப்பை மேலே கொண்டுவந்து நிலத்தை மலடாக்கியது. அதைப் படித்துவிட்டு நம்மூர் உப்புக்கும் அதுவே காரணம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நம் பகுதியில் பெரும்பாலும் கதை வேறு: உப்பான போர் நீரை ஆண்டுக்கணக்கில் பாய்ச்சுவது, அல்லது கால்வாய்க்கும் குளத்துக்கும் கீழே வடிகால் இல்லாமல் ஊறி நிற்பது. திசையன்விளை, உவரி போன்ற கடலோரப் பக்கம் கடல்நீர் உள்ளேறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து வாங்குமுன் வகை தெரிய வேண்டும். காய்ந்ததும் வெள்ளைப் பொடி, மண் பொலபொலப்பு என்றால் உவர். நல்ல நீரால் உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்றுவதுதான் வழி. ஜிப்சம் போடுவது வீண் செலவு. மண் கார அமிலநிலை (pH) 8.5-க்கு மேல், நனைந்தால் பிசுபிசுப்பு, காய்ந்தால் பாறை, நீர் இறங்காமல் கருப்பாகத் தேங்குகிறது என்றால் களர். அதற்குத்தான் ஜிப்சமும் தக்கைப்பூண்டும். அளவைப் பரிசோதனை நிலையம் கணக்கிட்டுச் சொல்லும்.

அறிகுறி: மரம் நட்டாகிவிட்டது, மண் இன்னும் போகிறது

தேக்கு என்றால் வியப்பில்லை. அகன்ற இலை சிறு தூறல்களைச் சேர்த்துப் பெரிய துளியாக்கி உயரத்திலிருந்து போடும். அடியில் புல் பூண்டும் இல்லை, சருகையும் கூட்டி எரித்துவிட்டார்கள் என்றால் வெட்டவெளியைவிட மண் கூடுதலாகத் தெறிக்கும். யூக்கலிப்டஸ் தோப்பும் அடித்தரை வெறுமையாக இருந்தால் காட்டின் வேலையைச் செய்யாது. நீரையும் தாராளமாகக் குடிக்கும்.

மண்ணைக் காப்பது தரையோடு கிடக்கும் சருகும் புதரும் புல்லும். மரம் நட்டும் மண் போவதற்கு நேர்மாறான சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில்தான் மாஞ்சோலைத் தேயிலை வந்தது. வெட்டி நட்ட தொடக்க ஆண்டுகள்தான் எந்தத் தேயிலைச் சரிவுக்கும் ஆபத்துக் காலம். செடி அடர்ந்து தரையை மூடிய பிறகு மண் அரிப்பு குறைந்துவிடும். காடு இழந்த உயிர்களைத் தேயிலை திருப்பித் தராது, அது வேறு வழக்கு. மண்ணை மட்டும் பார்த்தால், மூடிய தரையா திறந்த தரையா என்பதே கேள்வி.

ஆகவே தோப்பில் உழவை நிறுத்துங்கள், சருகைக் கூட்டாதீர்கள், ஓரத்தில் உசிலையும் வாகையும் கிளுவையும் தானாக முளைத்தால் வெட்டாமல் விடுங்கள். ராதாபுரம் பக்கத்து மணற்பாட்டில் குடைபிடித்து நிற்கும் உடைமரத்தை எரிவிறகாக மட்டும் பார்ப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

எல்லாச் சோதனையும் சரி, கோளாறு மட்டும் தீரவில்லை என்றால்

காரணம் உங்கள் வரப்புக்கு வெளியே இருக்கிறது. அடுத்த கனமழையில் குடையோடு இறங்கி, நீர் உங்கள் நிலத்துக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்த்து, அங்கே ஒரு குச்சி நடுங்கள். மேட்டு நிலத்துக்காரர் சரிவில் நேராக உழுதிருந்தாலோ, சாலை போட்டவர்கள் பழைய ஓடையைச் சிறு குழாய்க்குள் அடைத்திருந்தாலோ, நீங்கள் எத்தனை வண்டி எரு அடித்தாலும் அது போய்க்கொண்டே இருக்கும்.

மேட்டுக்காரரோடு சண்டையில் தொடங்காதீர்கள். அவருடைய மண்ணும்தான் போகிறது. அந்த வேர் உயரத்தை அவருடைய வேம்பில் அளந்து காட்டுங்கள். இருவர் எல்லையிலும் சேரும் ஒரே வரப்பு, ஒரு கழுங்கு, இடம் இருந்தால் ஒரு பண்ணைக்குட்டை என்று பேசி, செலவைப் பரப்பளவுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். நீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதைக் கிராம வரைபடத்தில் பழைய ஓடை இருந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு அங்கே இருந்தால் நீரை அந்த வழிக்கே விட வேண்டும். இதையெல்லாம் ஆடி, ஆவணிக்குள் பேசி முடித்துவிடுங்கள். புரட்டாசியில் விதைத்த பிறகு, எல்லையில் ஓர் அடி மண் வெட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.